பன்னெண்டு பேருங்க

போன மாதம் ஒரு கால்பந்துக் கிளப்பின் பிசியோதெரபிஸ்ட் கோட்டைமேட்டில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும். அவர்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். பழைய மில் டீம்களோடு சுற்றிய கம்பவுண்டர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தானாம். அந்த 'உயிரோடு' என்பதைக் கொஞ்சம் ஆச்சரியமாகவே சொன்னார். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பையிலிருந்து ஒரு அச்சடித்த அட்டையை எடுத்துக் காட்டினார். தலையில் அடிபட்ட ஆட்டக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விகள். இது எந்த மைதானம், முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாக கோல் போட்டது யார். ஒரு பதில் தப்பினாலும் ஆளை வெளியே எடுத்துவிட வேண்டுமாம். "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்க ஐயா?" என்றார்.

இருந்தது. எங்களிடமும் ஐந்து கேள்விகள் இருந்தன. ஐந்தாவது கேள்விக்கு ஒருவன் சொன்ன பதிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

நான் கம்பவுண்டர் ஆன கதை நாலு வரிக்கு மேல் தாங்காது. எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன், ஆஸ்பத்திரியில் கட்டுக்கட்டக் கற்றேன், மருந்து கலக்கக் கற்றேன், டாக்டர்களிடம் திட்டு வாங்கக் கற்றேன். ஐம்பதுகளின் நடுவில் கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு நூல் மில்லின் டிஸ்பென்சரியில் வேலை கிடைத்தது. எல்லாரும் 'கம்பவுண்டர் பாய்' என்றார்கள். என் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அந்த மில்லின் நூற்புப் பிரிவுக்குத் தலைவர், ஸ்பின்னிங் மாஸ்டர் வில்மாட் துரை. சுதந்திரம் வந்து பத்து வருடமாகியும் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட வெள்ளைக்காரர். தமிழை மேஸ்திரிகளிடம் கற்றதால் எங்கள் 'ங்க' அவருக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. மில்லுக்குள் நுழையும் தெருநாயைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். கோபம் வந்தால் 'ங்க' இரண்டு மடங்காகும். அப்போது எல்லாரும் ஓடி ஒளிந்துகொள்வோம்.

இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு மில் ஊரில், சம்பளத்துக்கு ஆடும் கிளப் ஒன்றில் இளமையில் கோல்கீப்பராக இருந்தவர் அவர். அந்தக் கிளப்புக்கு ஒரு வருடம் எல்லாமே கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனதாம். லீக்கில் ஒரே ஒரு பாயின்டில் இரண்டாமிடம். கோப்பை ஆட்டத்தில் அரையிறுதியில் கடைசி நிமிஷம் போஸ்டில் அடித்த பந்து. "அந்த வருஷம் எல்லாம் பக்கத்துல வந்துதுங்க. ஒண்ணும் உள்ள வரலீங்க," என்பார். சிரிக்க மாட்டார்.

அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். எங்கள் டீம் ஆடி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து தச்சனின் மடக்கு அடிக்கோலை எடுத்துக்கொண்டு கோல் போஸ்டுக்குப் போவார். பந்து பட்ட சேற்றுத் தடத்தைத் தேடுவார். தடத்துக்கும் போஸ்டின் உள்விளிம்புக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்வார். நூலின் முறுக்கை நாள் முழுக்க அளக்கிற ஆள், தோல்வியையும் அளக்காமல் விடமாட்டார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

டீமோடு போகும் வேலையை எனக்குக் கற்றுத் தந்தவரும் அவரே. ஒரு வாளி, இரண்டு ஸ்பாஞ்ச், டிங்ச்சர், பஞ்சு, கட்டுத்துணி, உப்பு, எலுமிச்சை, ஒரு சின்னச் சுத்தியல். பூட்ஸ் அடியில் தோல் குமிழ்களை ஆணியடித்து வைத்திருப்பார்கள். தேயத் தேய ஆணி உள்ளே எட்டிப் பார்க்கும். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் கையை விட்டுத் தடவி, ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் மடக்கி அடிக்க வேண்டும். தலையில் அடிபட்டால் உடனே எழுப்பக் கூடாது. தண்ணீர் தெளித்து, கண்ணைப் பார்த்து, ஐந்து கேள்விகள். உன் பேர் என்ன, இது எந்த ஊர், யாரோடு ஆடுகிறோம், ஸ்கோர் என்ன, நம் பக்கம் எத்தனை பேர். "அஞ்சாவதுதானுங்க முக்கியம். பேரு தூக்கத்துலகூடச் சொல்லுவாங்க. எண்ணறதுக்கு மூளை வேணுமுங்க," என்பார் துரை.

எங்கள் டீமின் இடதுபக்கம் இரண்டு அண்ணன் தம்பிகளுடையது. மூத்தவன் பழனிச்சாமி, உள்பக்கம் ஆடுகிற லெஃப்ட் இன், பத்தாம் நம்பர். இளையவன் நாச்சிமுத்து, கோட்டோரம் ஓடுகிற லெஃப்ட் அவுட், பதினோராம் நம்பர். நாச்சிமுத்து பந்தை ஓரமாகக் கொண்டுபோய், தலையைத் தூக்காமலே உள்ளே அடிப்பான். பழனிச்சாமி அங்கே இருப்பான். எப்போதும் ஒரே இடம்: பெனால்டி புள்ளிக்கு இடதுபுறம் ஆறு தப்படி. "பாக்கறதே இல்லையே, எப்படிப்பா?" என்று கேட்டால் நாச்சிமுத்து, "அண்ணன் நிப்பாருங்க" என்பான். விளக்கம் அவ்வளவுதான்.

எங்கள் மைதானம் கட்டாந்தரை. புல் பிடிக்கவே இல்லை. துரைக்கு அவர் ஊர் மாதிரிப் பச்சையாக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம், தோட்டத்துக்குச் செய்வது. கோடையில் செம்மறியாட்டுக்காரர்களை அழைத்துப் பட்டி போட்டோம். மந்தையை மைதானத்திலேயே பதினைந்து நாள் அடைத்து வைத்ததில் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் ஊறின. மழை பெய்ததும் புல் கணுக்காலுக்கு வந்துவிட்டது. துரை குனிந்து அதைக் கையால் தடவிப் பார்த்தார். மில்லில் எல்லாருக்கும் பெருமை. எனக்கும்தான். சாணி கலந்த மண்ணும் ஆணிக் காயமும் சேர்ந்தால் தனுர்வாதம், அதாவது டெட்டனஸ், என்று ஆஸ்பத்திரியில் முதல் மாதமே படித்தவன் நான். அந்தப் பெருமையில் அது எனக்குத் தோன்றவில்லை.

புல் வந்த இரண்டாவது வாரம், பயிற்சி ஆட்டத்தில், அந்த ஆறு தப்படி இடத்திலேயே பழனிச்சாமி உட்கார்ந்துவிட்டான். பூட்ஸ் ஆணி வலது பாதத்தில் ஏறியிருந்தது. அன்று அந்த பூட்ஸை நான் தடவிப் பார்த்தேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. கழுவி, டிங்ச்சர் வைத்து, வெள்ளைத் துணியால் கட்டினேன். தனுர்வாதத் தடுப்பு ஊசி டிஸ்பென்சரியில் இருந்தது. அந்தக் காலத்து ஊசியை எடுத்த எடுப்பில் போட முடியாது. தோலுக்கடியில் ஒரு துளி விட்டு, அரைமணி நேரம் உட்கார வைத்து, தடிக்கிறதா என்று பார்த்துத்தான் மீதியைப் போட வேண்டும். அதற்குள் இரண்டாம் ஷிஃப்ட் சங்கு ஊதிவிட்டது.

"நாளைக்கு வாரேனுங்க பாய். மேஸ்திரி வைவாரு," என்றான்.

"சரி, போ" என்றேன்.

மறுநாள் அவன் வரவில்லை. நான் ஆளனுப்பவில்லை. அரைமணி நேரம்தான். எட்டாம் நாள் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. பதினோராம் நாள் பெரியாஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். முதுகு வில்லாக வளைந்த உடம்பை நேராக்கிப் படுக்க வைக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவன் நான். காலில் கட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் புதிதாகக் கட்டியிருப்பார்கள், ஆனால் எனக்கு அது என் கட்டாகவே தெரிந்தது. பத்தாம் நம்பர் பனியனை அவன்மேல் போர்த்தி அனுப்பினோம்.

பனியன்கள் திருப்பூரிலிருந்து டஜன் கணக்கில் வரும். ஒன்று போக மீதி பதினொன்று. அதனால் அந்த வருடம் எங்கள் டீம் ஒன்றிலிருந்து ஒன்பது, அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு என்று இறங்கியது. பழனிச்சாமி இடத்தில் ஆடியவனுக்குப் பன்னிரண்டு. பத்து இல்லை.

அந்த சீசனுக்கு முன்னால் நிர்வாகம் ஒரு வார்த்தை சொன்னது. கோப்பை ஒன்று வந்தால் டீமில் இருக்கும் பதிலித் தொழிலாளிகள் நிரந்தரம். வராவிட்டால் டீமைக் கலைத்துவிடுவார்கள். பதிலி என்றால் தினமும் காலையில் கேட்டில் நின்று, யாராவது வேலைக்கு வராவிட்டால் உள்ளே போவது. நாச்சிமுத்து பதிலி. அண்ணன் போன பிறகு அம்மாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் அவன்தான். கோப்பை வருவதும் வராததும் அவன் வீட்டு அடுப்பு எரிவதும் ஒன்றாகிவிட்டது. அந்த நிலைக்கு அவனைக் கொண்டுவந்தது யார் என்று எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் போட்டி திருப்பூரில். இறுதி ஆட்டம்வரை போனோம். இரண்டாம் பாதியில் எதிரணி கோல்கீப்பரின் முழங்கால் நாச்சிமுத்துவின் பொட்டில் இடித்தது. வாளியோடு ஓடினேன். கண் திறந்தான். பேர் சொன்னான். திருப்பூர் என்றான். யாரோடு என்பதும் சரி. ஒன்றுக்குப் பூஜ்யம், நாம் பின்னால் என்பதும் சரி.

"நம்ம பக்கம் எத்தனை பேரு கண்ணு?"

அவன் என் தோளுக்கு மேலே மைதானத்தைப் பார்த்து மெதுவாக எண்ணினான். உதடு அசைந்தது.

"பன்னெண்டு பேருங்க."

கோட்டுக்கு வெளியிலிருந்து துரை கையைத் தூக்கிக் கேட்டார், எப்படி என்று. நான் கட்டைவிரலைக் காட்டிவிட்டேன். ஆளை வெளியே எடுத்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டும், அப்போதெல்லாம் மாற்று ஆட்டக்காரன் கிடையாது. இது நான் துரைக்குச் சொல்லக்கூடிய காரணம். எனக்கு நானே சொல்லிக்கொண்டது அவன் வீட்டு அடுப்பைப் பற்றி.

கடைசி நிமிஷங்களில் நாச்சிமுத்து ஓரமாக ஓடி, தலையைத் தூக்காமல் உள்ளே அடித்தான். பெனால்டி புள்ளிக்கு இடதுபுறம் ஆறு தப்படி. அங்கே யாரும் இல்லை. பன்னிரண்டாம் நம்பர்காரன் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தான். பந்து வெற்றிடத்தைக் கடந்து தூரத்துப் போஸ்டில் பட்டுத் திரும்பி வந்தது. மூன்றரை அங்குலம் என்று துரை அளந்தார்.

பொள்ளாச்சியில் அரையிறுதி. இரண்டு நாள் ஆடியும் சமன். நாணயம் சுண்டிப் போட்டு எங்களை வெளியே அனுப்பினார்கள். அங்கேயும் நாச்சிமுத்துவின் பந்து அதே இடத்துக்குப் போய், யாரும் தொடாமல், போஸ்டில் உரசி வெளியே வந்தது. இரண்டு அங்குலம்.

ஊட்டியில் ராணுவ டீமோடு ஆடியபோது பனி இறங்கிவிட்டது. பாதி மைதானத்துக்கு அப்பால் குரல் மட்டும்தான் கேட்டது. இடைவேளையில் நான் ஆறு எலுமிச்சையை இரண்டாக வெட்டி உப்புத் தொட்டுத் தட்டில் கொண்டுபோவேன். பதினொன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு. அது என் வழக்கம், எல்லாருக்கும் தெரியும். அன்று பனிக்குள் தட்டை நீட்டிக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு கையாக வந்து எடுத்தது. கடைசியில் தட்டு காலி. துரை எலுமிச்சையைத் தொடமாட்டார், பல் கூசும். எவனோ இரண்டு எடுத்துக்கொண்டான் என்று வைதுகொண்டே கரைக்கு வந்தேன். எல்லாரையும் கேட்டேன். எல்லாரும் ஒன்றுதான் என்றார்கள். பொய் சொல்லியிருக்கலாம், ஆட்டக்காரப் பயல்கள்தானே. ஆனால் மைதானத்தின் இடதுபக்கம் தட்டை நீட்டியபோது என் விரல்மேல் பட்ட கை மிகவும் சூடாக இருந்தது. ஊட்டிக் குளிரில் மற்றவர்கள் கையெல்லாம் ஐஸ்கட்டி.

அன்றும் தோற்றோம். நாச்சிமுத்துவின் பந்து ஆளில்லாத இடத்தைக் கடந்து, கோல் கோட்டின் மேலேயே சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. துரை அளக்கக் குனிந்தார். அளக்க அங்குலமே இல்லை. இனி மிச்சம், முன்பே ஜெயித்து வந்திருந்த கோயமுத்தூர்ப் போட்டியின் ஃபைனல் ஒன்றுதான்.

கோயமுத்தூர் திரும்பிய இரண்டாம் நாள் துரை டிஸ்பென்சரிக்கு வந்து கதவைச் சாத்தினார். நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார். மூன்று மைதானங்களை வரைந்திருந்தார். நாச்சிமுத்து எங்கிருந்து அடித்தான், பந்து எந்த வழியாகப் போனது என்று கோடுகள். மூன்று படத்திலும் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியைக் கடந்து போயின.

"கம்பவுண்டர், இவரு யாருக்குங்க பாஸ் போடறாரு?"

நான் ஒரு மருந்துப் புட்டியை எடுத்துத் துடைத்தேன்.

"பழக்கமுன்னு நெனச்சேனுங்க. ஆனா பழக்கமுன்னா ஆளு இல்லைன்னு பாத்ததும் நிறுத்திப்போடுவாங்க. இவரு இப்ப தலையத் தூக்கிப் பாத்துட்டு அடிக்கறாருங்க. திருப்பூருல அஞ்சாவது கேள்விக்கு என்னங்க சொன்னாரு?"

"பதினொண்ணுங்க துரை" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நீலக் கண்ணுக்கு முன்னால் பொய் சொல்வது கஷ்டம், ஆனால் முடியாததல்ல. ஃபிட்னஸ் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். "நீங்க எழுதறதுலதானுங்க நான் கையெழுத்துப் போடுவேன்," என்றார். தகுதியில்லை என்று எழுதினால் நாச்சிமுத்து டீமில் இல்லை. மூளை கலங்கியவன் என்று பெயர் வந்தால் ஓடும் மெஷின் பக்கமே விடமாட்டார்கள், பதிலி வேலையும் போகும். ஒரே வீட்டில் இரண்டாவது ஆளை நான் தள்ள வேண்டும். தகுதி உண்டு என்று எழுதினேன். துரை கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "எங்க ஊரு கிளப்புலயும் அந்த வருஷம் ஒருத்தரு இப்படிப் பாத்துட்டுப் பாஸ் போட்டாருங்க. நான் யாருகிட்டயும் கேக்கலீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"யாரைப் பாக்கறே?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா பாய்?"

"ஓடறானா?"

"இல்லீங்க. நிக்கறாரு. கைய மட்டும் தூக்கிக் கேக்கறாருங்க. ஏன் ஓடறதில்லைன்னுதான் தெரியல."

எங்கள் வீட்டில் ஜின் என்பார்கள், அவர்கள் வீட்டில் வேறொன்று சொல்வார்கள். நான் மருந்து கொடுக்கிறவன். மண்டையில் அடிபட்டால் இல்லாதது தெரியும் என்று அவனுக்கு விளக்கினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், நம்பவில்லை. கடைசியில் பொறுமை போய், "கோயமுத்தூர் ஃபைனல்ல பந்து கிடைச்சா நீயே கோலுக்கு அடி. அவனுக்குப் போடாதே," என்றேன்.

"கேக்கறப்பக் குடுக்காம எப்படிங்க?"

"உங்க அம்மாவுக்குச் சோறு போடறது அவனா, நீயா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க பாய்" என்றான்.

இறுதி ஆட்டம் எங்கள் சொந்த மைதானத்தில். பட்டி போட்ட புல் அப்போதும் பச்சையாக இருந்தது. மாலை ஐந்து மணி, நல்ல வெயில், ஷிஃப்ட் முடித்தவர்கள் சுவர்மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ரெஃப்ரியும் கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன்கள் இருவரும் வெளியூர்க்காரர்கள். ஆட்டம் முழுக்கப் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது நாச்சிமுத்துவுக்குப் பந்து கிடைத்தது. ஓரமாக ஓடினான். உள்ளே திரும்பினான். தலையைத் தூக்கி அந்த இடத்தைப் பார்த்தான். அவன் கால் ஒரு கணம் தயங்கியது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோலைப் பார்த்து அடித்தான். வலை உப்பியது.

மில் சங்கே ஊதியதுபோல் கூச்சல். நான் வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டுக் குதித்தேன். அப்புறம்தான் பார்த்தேன், எங்கள் பக்கத்து லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஃப்சைடு. எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி, கோல்கீப்பருக்கு முன்னால் எங்கள் ஆள் ஒருவன் முன்கூட்டியே போய் நின்றதாகக் குற்றம்.

அப்படி யாரும் நிற்கவில்லை. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பின்னால் இருந்தார்கள், சுவர்மேல் இருந்த நூறு பேர் சாட்சி. கேப்டன் ஓடினான், துரை ஓடினார், நானும் ஓடினேன். ரெஃப்ரி லைன்ஸ்மேனைக் கூப்பிட்டு யார் என்று கேட்டார்.

"பத்தாம் நம்பர் சார். கோல்கீப்பர் கண்ண மறைச்சுட்டு நின்னாரு," என்றார் அவர். சேலத்துக்காரர், கண்ணாடி போடாதவர், எங்களை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறார்.

ரெஃப்ரி எங்கள் முதுகுகளைப் பார்த்தார். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. "பத்து யாருப்பா?"

"எங்களுக்குப் பத்தே கெடையாதுங்க," என்றான் கேப்டன். சொன்னதும் அவன் முகம் வெளுத்துப்போனது. சுற்றி நின்ற யாரும் அதற்கப்புறம் வாதாடவில்லை. நம்பரைத் தப்பாகப் பார்த்திருப்பார், ஆனால் கொடி கொடிதான் என்று ரெஃப்ரி எதிரணிக்குப் பந்தைக் கொடுத்தார். விறைத்துப் போய் நின்ற எங்கள் ஆட்களைத் தாண்டி அவர்கள் கொண்டுபோய் கோல் போட்டார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை போயிற்று.

நாச்சிமுத்து மட்டும் புல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தான். "பாத்தீங்களா பாய். கொடிக்காரருக்கும் தெரிஞ்சுதுங்க," என்றான். மூன்று மாதமாகத் தனக்குப் பைத்தியமோ என்று பயந்துகொண்டே ஆடியிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

துரை அடிக்கோலை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார். பிரித்தார். கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். "இதை எப்படிங்க அளக்கறது?" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த லைன்ஸ்மேன் தண்ணீர் குடிக்க என் பெட்டியடிக்கு வந்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் கடுமையாகச் சொன்னார்:

"நீங்கதான இந்த டீமுக்குக் கம்பவுண்டரு? காயம்பட்ட ஆளை இறக்கலாமுங்களா? அந்தப் பத்தாம் நம்பருக்கு வலது பாதத்துல கட்டு, அவுந்து புல்லுல இழுபடுது. பாவம், நகரக்கூட முடியாம நிக்கறாரு. அதனாலதான் ஆஃப்சைடு. கொஞ்சம் பொறுத்துப் பாத்துக் கட்டியுட்டிருக்கலாமில்லீங்க."

டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் நாச்சிமுத்துவை டிஸ்பென்சரியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி இருந்ததை, அரைமணி நேரத்தை, ஆளனுப்பாததை. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"ஊசின்னு அண்ணன் அன்னைக்கே சொன்னாருங்க பாய். மறுநா இங்கதான் கெளம்பினாரு. நாந்தான், பொறவு போட்டுக்கலாம், சந்தைப்பேட்டையில ஒரு ஆட்டம் இருக்குது, நீ வந்து சும்மா நில்லு, நான் பாத்துக்கறேன்னு கூட்டீட்டுப் போயிட்டேன். கால் வலிச்சுதுங்க அவருக்கு. அன்னைக்குப் பூரா ஓடவே இல்ல. ஒரே எடத்துல நின்னாரு."

சங்கு ஊத அரைமணி இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன், அவனும் வந்தான். பெனால்டி புள்ளிக்கு இடதுபுறம் ஆறு தப்படியில் பெட்டியை வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். அன்று நான் உட்கார வைக்காத அந்த அரைமணி நேரத்தை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு நிமிஷம்கூடக் குறையாமல் உட்கார்ந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது, எங்களைச் சுற்றிப் புல் அசைந்தது, அவ்வளவுதான். சங்கு ஊதியதும் எழுந்தோம். "இப்ப அண்ணன் இங்க இல்லீங்க," என்றான் நாச்சிமுத்து.

டீமைக் கலைத்தார்கள். துரை ஊருக்குக் கப்பலேறும் முன் நிர்வாகத்திடம் போய், பந்து வலைக்குள் போனது, போட்டவர் நாச்சிமுத்து, நான் என் நோட்டில் கோல் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாச்சிமுத்துவை மட்டும் நிரந்தரமாக்கினார்கள். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷினில் முப்பது வருடம் வேலை பார்த்தான். பந்தை அவன் மறுபடி தொடவே இல்லை. நான் ஓய்வு பெறும்வரை, ஆணி குத்தியது என்று யார் வந்தாலும், சங்கு ஊதினாலும் மேஸ்திரி வைதாலும், கதவைச் சாத்தி அரைமணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினேன். 'பாயிடம் போனால் ஷிஃப்ட் போச்சு' என்று மில்லில் கெட்ட பெயர். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அட்டை நன்றாக இருக்கிறது. அடுத்த முறை அச்சடிக்கும்போது எங்கள் ஐந்தாவது கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன் தப்பாக எண்ணினால் உடனே ஆளை வெளியே எடுங்கள், நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். எடுத்து உட்கார வைத்த பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, கூடுதலாக நிற்கிற ஆள் யார், காலில் கட்டு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.